கதவை மூடுங்க, கொம்பாத்ரே

அந்தப் பையன் என் வீட்டு வாசற்படியை மிதிக்கக் கூடாது. இதை நான் 2006 செப்டம்பரில், குவைத்தில் அகமதி மாதா கோவில் வளாகத்தில், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து நூறு பேர் டீ குடித்துக்கொண்டிருந்த இடத்தில் வைத்துச் சொன்னேன். மெதுவாகப் பேசி எனக்குப் பழக்கமில்லை. டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் குடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பையன் பெயர் சுபின். குளச்சல்காரன். ஃபஹாஹீல் துறைமுகத்திலிருந்து லாஞ்சில் ஏறி மீன் பிடிக்கக் கடலுக்குப் போகிறவன். என் மகள் ஷாஜினி ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். கோவில் பாட்டுக்குழுவில் இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். பாட்டு எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

"மாமா, ஷாஜினிய எனக்குக் கட்டித் தருவியளா?" என்று நேராக வந்து கேட்டான். சுற்றி வளைக்கவில்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்.

"கடலுக்குப் போறவன் திரும்பி வருவான்னு என்னலே உறுதி?"

வாயைத் திறந்தான், மூடினான். "இல்லல்லா? அப்போ எனக்க வீட்டுப் படிய மிதிக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. நான் முட்டத்துக்காரன். என் அண்ணன் ஒரு செவ்வாய்க்கிழமை கடலுக்குப் போனான், வரவில்லை. அண்ணி சோற்றுப்பானையை இறக்கி வைத்துவிட்டுக் கடற்கரையில் போய் நிற்பாள். சோறு ஆறிப்போகும். வந்து சூடாக்குவாள், மறுபடியும் போய் நிற்பாள். அதைப் பார்த்த பிறகுதான் நான் கடலை விட்டேன். வால்வு வேலை படித்துக் குவைத்துக்கு வந்து, பதினெட்டு வருஷமாக எண்ணெய்க் கம்பெனியில் டெக்னீஷியன். என் மகள் அப்படி ஒரு நாள்கூட நிற்கக் கூடாது. எனக்குக் கோபம் அதிகம் என்று ஊரெல்லாம் பேச்சு. என் மனைவி ஜெபகனி மட்டும், "அது கோவம் இல்ல, பயம்" என்பாள். பயம்தான். போதுமா?

அந்தச் செப்டம்பரில்தான் இன்னொரு தொல்லையும் தொடங்கியது. தெரியாத ஒரு நம்பரிலிருந்து மிஸ்டு கால். ஒரே ஒரு மணி அடிக்கும், நின்றுவிடும். நாலு நாளைக்கு ஒரு தடவை, அஞ்சு நாளைக்கு ஒரு தடவை. விடியற்காலை அடிக்கும், நான் டூட்டியில் குழாய்க்கு அடியில் படுத்திருக்கும்போது அடிக்கும். ஒருநாள் திருப்பிக் கூப்பிட்டு மூச்சு விடாமல் ஏசினேன். தமிழ், மலையாளம், இந்தி, எனக்குத் தெரிந்த நாலு அரபுச் சொல், எல்லாவற்றையும் இறக்கினேன். மறுமுனை முழுவதையும் கேட்டுவிட்டு வைத்துவிட்டது. அந்த நம்பரை போனில் 'பிசாசு' என்று பதிந்து வைத்தேன்.

இனி சொகோரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மங்காஃபில் எங்கள் கட்டடத்தில் நாங்கள் இரண்டாம் மாடி, அவள் மூன்றாம் மாடி. மெக்சிகோக்காரி. புருஷன் எராஸ்மோ எண்ணெய்க் கிணறு தோண்டும் எஞ்சினியர். குடிவந்த முதல் நாள் லிஃப்டில் என்னைப் பார்த்ததும், "வணக்கம், நான் சொகோரோ" என்று இங்கிலீஷில் சொல்லி, ஜெபகனி பக்கத்தில் நிற்கிறாள் என்றுகூடப் பார்க்காமல் என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்தாள். அவர்கள் ஊரில் அதுதான் வணக்கமாம். ஜெபகனி இரண்டு நாள் சிரித்தாள், மூன்றாம் நாள் கேட்டாள், "கன்னத்தக் கழுவினியளா?"

அவர்கள் வீட்டில் ஆறு மணிக்கு வா என்றால் எட்டு மணிக்கு வா என்று அர்த்தம். ஆறு மணிக்கே போனால் அவள் தலையில் துண்டோடு கதவைத் திறப்பாள். கிளம்புகிறோம் என்று சொன்ன பிறகு வாசலில் ஒரு மணி நேரம் பேசுவார்கள். பேச்சு முடிந்தது என்று நினைத்தால் ஒவ்வொருவரையும் முத்தமிட வேண்டும், அதற்கு இன்னொரு கால் மணி. மாம்பழத்துக்கு மிளகாய்ப்பொடி தூவித் தின்பார்கள், அதில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

அதற்கு முந்தின வருஷம் அவளுடைய கடைக்குட்டிக்கு ஞானஸ்நானம். ஜெபகனியை ஞானத்தாயாகவும் என்னை ஞானத்தகப்பனாகவும் கேட்டாள், சரி என்றோம். நம் ஊரில் ஞானத்தாய் என்றால் பிள்ளைக்குச் சங்கிலி போடுவதோடு சரி. அவர்களுக்கு அப்படி இல்லை. பிள்ளையின் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் உறவு. சம்பந்தி மாதிரி, ஆனால் சண்டை போடாத சம்பந்தி. ஜெபகனி அவளுக்கு 'கொமாத்ரே', நான் 'கொம்பாத்ரே'. கூடப்பிறந்தவள் மாதிரி என் வீட்டு விஷயம் எதிலும் தலையிட அவளுக்கு உரிமை வந்துவிட்டது. பெயர் எழுதிக் கையெழுத்துப் போடும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

டிசம்பர் முதல் வாரம் வந்து உட்கார்ந்தாள்.

"கொம்பாத்ரே, எனக்கு ஒரு கெட்ட மனுசன் வேணும்."

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தின ஒன்பது நாளும் அவர்கள் ஊரில் மாசமாக இருக்கிற மாதாவும் அவள் புருஷன் சூசையப்பரும் வீடு வீடாகப் போய்த் தங்க இடம் கேட்பார்கள். கூடவே மெழுகுவர்த்தியோடு ஒரு கூட்டம் பாடிக்கொண்டு போகும். உள்ளே இருப்பவர் கதவைத் திறக்காமலே, 'இடமில்லை, போ' என்று பாட வேண்டும். மறுபடி கேட்பார்கள், மறுபடி இல்லை. கடைசி வீட்டில்தான் கதவு திறக்கும், பிறகு சாப்பாடும் கூத்தும். திறக்கும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் முதலில் விரட்டியே ஆக வேண்டும். ஒன்பது நாள் குவைத்தில் முடியாது, ஒரு நாள் கட்டடத்துக்குள்ளேயே நடத்திவிடலாம் என்று அவள் திட்டம். முதல் மாடியில் பிலிப்பைன்ஸ் நர்ஸுகள் விரட்டுவார்கள், இரண்டாம் மாடியில் நான் விரட்ட வேண்டும், மூன்றாம் மாடியில் அவள் வீடு திறக்கும்.

"ஏன் நான்?"

"இந்தக் கட்டடத்துல 'இல்லை'ன்னு நல்லாச் சொல்லத் தெரிஞ்ச ஆளு நீங்கதான்."

ஷாஜினி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். மாதா வேஷம் அவளுக்கு. சூசையப்பர் எராஸ்மோ. எனக்கு அந்தப் பாட்டு வராது என்றேன். "உங்க பாஷையிலேயே திட்டுங்க. சூசையப்பருக்கு எல்லாப் பாஷையும் புரியும்" என்றாள்.

ஜெபகனிதான் கிடந்து பதறினாள். "வாசல்ல வந்து நிக்கப்பட்ட மாசக்காரிய போன்னு எப்பிடிச் சொல்லுது? பாவமில்லியா? ஒரு காப்பியாவது குடுத்துட்டு விரட்டுங்க."

"காப்பி குடுத்தா அது விரட்டுதா?" என்றேன். மனதுக்குள் சந்தோஷம்தான். என் சத்தத்தைக் கேட்டு வந்த வேலை வாழ்க்கையில் இது ஒன்றுதான்.

அந்த வாரம் ஒன்று கவனித்தேன். பிசாசு அடிக்கவில்லை. அஞ்சு நாளானது, ஆறு நாளானது. மூடுபனி வேறு, ரோட்டில் வண்டி தெரியாத அளவுக்கு. ஏனோ போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். சார்ஜ் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். திட்டுவதற்கு ஆள் இல்லாத எரிச்சல் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எட்டாம் நாள் சோறு தின்றுகொண்டிருந்தபோது ஒரு மணி அடித்து நின்றது. "சனியன் வந்துட்டு" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் சோறு வாங்கித் தின்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம். ஆறு மணி என்று சொல்லியிருந்தாள். நான் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆறு மணிக்குக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஆறரை. ஏழு. மேல் மாடியிலிருந்து வாழையிலையில் சோளமாவும் கோழியும் பொதிந்து அவிக்கிற வாசனை இறங்கி வந்து என் வயிற்றைக் கிள்ளியது. இலை வாங்கிக் கொடுத்ததே நான்தான், மலையாளி கடையிலிருந்து. ஏழேகாலுக்குக் கீழே கிட்டார் சத்தமும் பாட்டும் கேட்டது. அதற்குள் என் கோபம் நன்றாகப் பழுத்திருந்தது. விரட்டுவதற்கு இதைவிட நல்ல பதம் கிடைக்காது.

படியேறி வந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் இருபது பேராவது இருக்கும். பாடி முடித்தார்கள். என் முறை.

"எடமில்ல! போங்க!" என்றேன். கட்டடம் அதிர்ந்தது. வெளியே ஒரே கைதட்டல், விசில். ஒருத்தன் "ப்ராவோ!" என்றான். அடடா! சத்தம் போட்டதற்குக் கைதட்டு வாங்கியது அன்றுதான்.

மறுபடி பாடினார்கள். "அறிவில்லியா? எடமில்லன்னு சொன்னா எடமில்ல! வந்த வழியாப் போங்க!" இன்னும் பெரிய கைதட்டல். ஜெபகனியைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தாயா என்கிற மாதிரி. அவள் என்னைப் பார்க்காமல் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தடவை பாட்டு வரவில்லை. ஒரு குரல் மட்டும் தமிழில் வந்தது.

"மாமா, ரொம்ப தூரத்துல இருந்து வாறோம். இவளுக்குக் காலு வலிக்குது."

எனக்குத் தலையில் சுர்ரென்று ஏறியது.

"ஜெபகனி, இது யாருக்க சத்தம்?"

"சூசையப்பருக்க சத்தம்."

"எந்த சூசையப்பரு?"

"மாதாவுக்க மாப்பிள்ள" என்றாள், இன்னும் ஃபேனையே பார்த்துக்கொண்டு. "எராஸ்மோவ எண்ணெய்க் கெணத்து டூட்டிக்குக் கூப்பிட்டாச்சு. வேற ஆளு வேணுமுன்னு சொகோரோ கேட்டா. மக ஒரு ஆளச் சொன்னா."

கொமாத்ரே, கொம்பாத்ரே எல்லாம் எங்கே வந்து நிற்கிறது பார்த்தீர்களா! கதவில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

"லே சுபினே! ஒனக்கு வெக்கமில்லியாலே? படிய மிதிக்கப்பிடாதுன்னு சொன்னேனா இல்லியா?"

"மிதிக்கல்ல மாமா. படிக்கு இந்தப் பக்கம்தான் நிக்கேன்."

சத்தம் கேட்டு வாட்ச்மேன் முகம்மது சித்தீக் மேலே ஓடிவந்திருக்கிறார். தொண்டிக்காரர். மெல்லப் பேசுங்கள் என்று சொல்ல வந்தவரிடம், உள்ளே என்ன சொல்கிறார் என்று சொகோரோ கேட்க, அவர் அவளுக்கு இந்தியும் இங்கிலீஷும் கலந்து சொல்ல, அவள் அதைத் தன் பாஷையில் கூட்டத்துக்குச் சொன்னாள். அதிலிருந்து நாங்கள் பேசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் கால் நிமிஷம் கழித்து ஒரு "ஓ!" வந்தது.

"ஒனக்கு வீடு உண்டாலே?"

"ஃபஹாஹீல்ல ரூமு. ஆறு பேரு."

"ஆறு பேருக்க எடையில எனக்க மவ எங்கலே கெடப்பா?"

சித்தீக்கின் குரல், சொகோரோவின் குரல், பிறகு பெண்கள் எல்லாரும் சேர்ந்து, "ஓ!" அதில் நியாயம் என் பக்கம்தான் இருந்தது.

"வேற ரூமு பாத்து வச்சாச்சு மாமா. அப்பாசியாவுல. சின்னதுதான். சன்னலு உண்டு."

"ஓ!" இந்தத் தடவை அவன் பக்கம். ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள்.

"சன்னல வச்சு என்ன செய்யது? கடலப் பாத்துட்டு நிக்கதுக்கா?" என் குரல் எனக்கே உடைந்து கேட்டது. "நான் கேட்ட கேள்விக்குப் பதிலு சொல்லுலே! போறவன் திரும்பி வருவான்னு என்ன உறுதி?"

வெளியே யாரோ கிட்டாரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது.

"உறுதி இல்ல மாமா" என்றான். "கடலு எனக்க சொல்லு கேக்காது. அதான் அன்னைக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல்ல. ஆனா செப்டம்பர்ல இருந்து ஒவ்வொரு தடவ கரையேறும்போதும் மொத போனு ஒங்களுக்குத்தான் அடிக்கேன். எனக்க அம்மைக்குக்கூட அதுக்குப் பெறவுதான். எடுத்தா என்ன பேசதுன்னு தெரியாது. அதான் மிஸ்டு காலு."

டிவி மேல் கிடந்த போனைப் பார்த்தேன்.

"ஒரு தடவ திருப்பிக் கூப்பிட்டு அஞ்சு நிமிசம் ஏசினிய. அன்னைக்கு எனக்குப் பொறந்த நாளு. அந்த மூடுபனி வாரம் லாஞ்சு நகரல்ல, எட்டு நாளாச்சு. கரையில கால வச்சதும் அடிச்சேன். வந்துட்டேன், மாமா. அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம்."

சித்தீக் மொழிபெயர்க்கவில்லை. சொகோரோ "என்ன? என்ன சொன்னான்?" என்று அவரைப் பிடித்து உலுக்குவது கேட்டது.

நான் அந்த எட்டு நாளும் யாரை எதிர்பார்த்துப் போனைப் பார்த்தேன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிசாசு கரையேறிவிட்டது என்று இரண்டாம் தடவை சோறு வாங்கித் தின்றவன் நான். இனி யாரிடம் போய் மறைப்பது? தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்துவிட்டேன்.

தலையில் துண்டும் கையில் தடியுமாக அவன். வயிற்றில் தலையணை கட்டிய என் மகள், கன்னமெல்லாம் கண்ணீர். பின்னால் படி முழுக்க மெழுகுவர்த்தி. நான் வாயைத் திறப்பதற்குள் இருபது பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"நோ! நோ! நோ!"

"மூடுங்க!" சொகோரோ தலையில் கை வைத்துக்கொண்டு பாய்ந்து வந்தாள். "கதவை மூடுங்க, கொம்பாத்ரே! இங்க திறக்கக் கூடாது! இன்னும் ஒரு மாடி இருக்கு! நீங்க கெட்ட மனுசன்!"

"கெட்ட மனுசன் வேல முடிஞ்சு. கலாஸ்!"

"சாப்பாடு மேல இருக்கு!"

"எனக்க வீடு, எனக்க கதவு! மூட மாட்டேன்!"

அவள் கைப்பிடியைப் பிடித்து வெளியே இழுக்கிறாள், நான் உள்ளே இழுக்கிறேன். நாலு மாதமாகத் திற திற என்று வீட்டில் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள், திறந்தால் மூடு மூடு என்று ஒரு நாடே சண்டைக்கு வருகிறது! நடுவில் சுபின் ஒற்றைக் காலைத் தூக்கிக்கொண்டு கொக்கு மாதிரி நின்றான்.

"என்னலே நிக்க? உள்ள வா!"

"மிதிக்கப்பிடாதுன்னு நீங்க சொன்னிய. வரப்பிடாதுன்னு அவிய சொல்லுதாவ."

"லே, மிதிலே!"

மிதித்தான். ஷாஜினி தலையணையோடு என் மேல் வந்து விழுந்தாள். சொகோரோ கைப்பிடியை விட்டுவிட்டு, இந்தத் தடவை என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தாள். ஜெபகனி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"யா அல்லா, சாப்பாட்டக் கீழ கொண்டாந்தாத் தீந்துச்சு" என்றார் சித்தீக். அதுதான் தீர்ப்பு. பானை பானையாக இறங்கி வந்தது. கொய்யாப்பழமும் பட்டையும் போட்டுக் காய்ச்சிய சூடான பானம், இலைப் பொதிகள், கடைசியில் மிட்டாய் நிரப்பிய ஏழு முனை நட்சத்திரப் பானை. அதை என் ஃபேன் கொக்கியில் கட்டினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு தடியால் அடிக்க வேண்டுமாம். என் முறை வந்தபோது சூசையப்பர் தடியால் ஓங்கி அடித்தேன், டியூப் லைட் போயிற்று. அதற்கும் கைதட்டினார்கள். இருட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பெரியவர்கள் எல்லாரும் தரையில் விழுந்து மிட்டாய் பொறுக்கினோம். நானும் பொறுக்கினேன். சித்தீக் தொப்பி நிறையப் பொறுக்கினார். கிளம்புகிறோம் என்று சொல்லிவிட்டு வாசலில் ஒன்றேகால் மணி நேரம் நின்றார்கள், கதவு அதுவரை திறந்தேதான் கிடந்தது.

மே மாதம் லீவில் முட்டத்தில் கல்யாணம் நடந்தது. சொகோரோ பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து என் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் கன்னத்திலும் முத்தம் வைத்தாள். அது தனிக் கலவரம்.

மருமகன் இன்னும் கடலுக்குத்தான் போகிறான். கரையேறியதும் இப்போதும் முதல் மணி எனக்குத்தான், ஷாஜினிக்கு அதற்குப் பிறகுதான், அதில் அவளுக்கு என் மேல் கோபம். போனில் பெயரை மாற்றலாம் என்று ஒருநாள் எடுத்தேன், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அவன் கடலுக்குப் போய் நேற்று அஞ்சாம் நாள். ஜெபகனி சோற்றை இறக்கித் தட்டில் போட்டு வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு சன்னல் பக்கம் நின்றேன்.

"இஞ்ச பாருங்க, சோறு ஆறுது."

"ஆறட்டு. பிசாசு இன்னும் கரையேறல்ல."